குற்றம் என்னும் கள்ள வரி

(தென்காசியில் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் குற்றமும் ஊர்ச் செழிப்பும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "குற்றம் போலீசாரின் சங்கதி, செழிப்பு வியாபாரிகளின் சங்கதி, இரண்டுக்கும் முடிச்சுப் போட இவன் யார்?" என்று நினைக்கக் கூடும். முடிச்சு நான் போட்டதல்ல. அது முன்னமே போடப்பட்டிருக்கிறது. அதன் மறு முனை உங்கள் மடியில் இருக்கிற காசில் கட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டுவதே என் வேலை. நான் சொல்வதை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாயிருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் நம் ஊர்க் கணக்கையே போடுவோம். இங்கிருந்து 5 கிலோமீட்டரில் குற்றாலம் இருக்கிறது. குற்றாலத்தின் பயிர் என்ன? சாரல்தான் அதன் பயிர். மலைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசுகிற ஜூன் மாதம் முதல் சுமார் 3 மாதமே அதன் அறுவடைக் காலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கெங்கே தண்ணீர் விழுகிறதோ அங்கங்கே துண்டு விற்கிறவன், மங்குஸ்தான் பழத்தைக் கூறு வைக்கிறவள், நேந்திரங்காய் வற்றல் வறுக்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், விடுதி அறையைப் பெருக்குகிறவள் என்று ஆயிரம் குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. இந்த 90 நாளில் கிடைப்பதை வைத்துத்தான் இவர்களில் பெரும்பாலோர் வருஷத்தைத் தள்ளுகிறார்கள். அப்படியானால் சீசனில் ஒரு நாள் கடை அடைத்தால் அது ஒரு நாள் நஷ்டமா? இல்லை. 365 நாளை 90 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் அடைப்பு என்பது நாலு நாள் பட்டினிக்குச் சமம். மாதச் சம்பளக்காரனுக்கு ஊரில் கலகம் நடந்தால் வீட்டில் இருந்தபடியே சம்பளம் வந்துவிடும். துண்டு விற்கிறவனுக்கு எந்தக் கஜானா சம்பளம் கொடுக்கும்?

சில புத்திசாலிகள், "குற்றத்தாலும் வியாபாரம் நடக்கிறதே! பூட்டு விற்கிறவனுக்கும் இரும்புக் கதவு செய்கிறவனுக்கும் வக்கீலுக்கும் வருமானம்தானே?" என்கிறார்கள். நல்ல கேள்வி. ஒருவன் திருட்டுப் பயத்தால் 2,000 ரூபாய்க்குப் பூட்டும் கம்பியும் வாங்கினால் பூட்டுக் கடைக்காரனுக்கு 2,000 ரூபாய் வியாபாரம்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு அவன் தன் பெண்ணுக்குப் புஸ்தகமும், தறிக்காரனிடம் நாலு வேஷ்டியும் வாங்கியிருப்பான். இப்போது புஸ்தகக் கடைக்காரனுக்கும் இல்லை, தறிக்காரனுக்கும் இல்லை. வாங்கினவனுக்கும், நேற்றுப் பயமில்லாமல் தூங்கிய தூக்கத்தை இன்று விலை கொடுத்து வாங்கியதைத் தவிர வேறு லாபம் இல்லை. இதைச் செழிப்பு என்றால், வீடு தீப்பற்றி எரிந்ததில் கொத்தனாருக்கு வேலை கிடைத்தது என்று ஊரையே கொளுத்தி விடலாமே!

ஆகவே குற்றம் என்பது ஒரு வரி. சர்க்கார் வரிக்கு ரசீது உண்டு, ரோடு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. இந்தக் கள்ள வரிக்கு ரசீதும் இல்லை, பிரதியுபகாரமும் இல்லை. இது புதிய வரியுமல்ல. இந்தத் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு நீண்ட சரித்திரம் உண்டு.

கும்பெனியார் ஆட்சி நிலைக்கு முன் இந்தப் பக்கத்தில் காவல் என்று ஒரு முறை இருந்தது. ஊருக்குள் காவல் செய்வதற்கு ஸ்தலகாவல் என்று பெயர். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காவல் செய்வதற்குத் தேசகாவல் என்று பெயர். சொக்கம்பட்டி, சிவகிரி, ஊற்றுமலை முதலிய பாளையக்காரர்கள் இந்தத் தேசகாவல் உரிமையைக் கொண்டு ஊர்களிடம் வசூல் செய்தார்கள். பொருள் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். எழுதி வைத்த நியாயம் இது. நடந்த நியாயம் என்ன? காவல் பணம் கொடுக்காத ஊரில்தான் களவு நடந்தது! மாடு காணாமற் போனால், அது எங்கே நிற்கிறது என்று சொல்வதற்குத் துப்புக்கூலி என்று ஒரு தொகை கொடுக்க வேண்டும். மாட்டை ஓட்டினவனுக்கும் துப்புச் சொன்னவனுக்கும் எவ்வளவு தூரம் என்று மாட்டுக்காரன் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த மாடும் போகும். இப்படிப்பட்ட ஊரில் எவன் நல்ல மாடு வாங்குவான்? எவன் நெல்லைச் சேர்த்து வைப்பான்? எவன் பக்கத்துச் சந்தைக்குச் சரக்கு ஏற்றுவான்? களவு போன மாடு ஒன்றாயிருக்கலாம். களவு போகுமே என்று வாங்காமல் விட்ட மாடு நூறு. அந்த நூறு எந்தப் போலீசுப் புஸ்தகத்திலும் பதியப்படவில்லை. ஊர் ஏழையானது அந்த நூறினால்தான்.

இதைச் சொல்வதால் எந்த ஒரு ஜாதியாரையும் நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே குற்றவாளி என்று ஒருவனும் இல்லை. அப்படி உண்டு என்று நம்பின வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? 1911-ஆம் வருஷச் சட்டத்தைக் கொண்டு, இந்த மாகாணத்தில் பல ஜாதியாரை முழுக் கூட்டமாகவே குற்றப் பரம்பரை என்று பதிவு செய்து, ரேகை எடுத்து, பல இடங்களில் ராத்திரியில் போலீசு ஸ்டேஷனுக்கு வந்து படுக்கும்படி செய்தது. இரவில் ஸ்டேஷனில் படுக்க வேண்டியவன் பகலில் எந்தத் தூரத்து ஊருக்கு வேலைக்குப் போக முடியும்? உழைத்துப் பிழைக்கிற வழியை அடைத்துவிட்டு, ஏன் உழைத்துப் பிழைக்கவில்லை என்று கேட்டது அந்தச் சட்டம். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. குற்றத்துக்கு ஜாதியைக் காரணம் சொல்வது, காய்ச்சலுக்குப் பேயைக் காரணம் சொல்வதைப் போன்ற மூடநம்பிக்கையே ஆகும்.

வழிப்பறிப் பயத்துக்கு வேறொரு விதமாகப் பதில் சொன்னவர்களும் இதே தென்னாட்டில் உண்டு. மாட்டு வண்டியில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வியாபாரிகள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டி, வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும்படி செய்தார்கள். அந்தச் செலவுக்காக ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமை என்று தங்களுக்குத் தாங்களே போட்டுக் கொண்டார்கள். 1899 ஜூன் மாதத்தில் சிவகாசியில் பெருங்கலகம் நடந்து வீடுகள் எரிந்தன. திருநெல்வேலி ஜில்லாவில் பல ஊர்களுக்கும் அது பரவிற்று. அதற்குப் பிறகும் அவர்கள் வியாபாரம் அழிந்துவிடவில்லை. மகமைப் பணம் பள்ளிக்கூடமாக மாறிற்று. 1921-ல் அவர்கள் தூத்துக்குடியில் ஒரு பாங்கியும் வைத்தார்கள்.

காவல் பணமும் பணம்தான், மகமையும் பணம்தான். இரண்டுக்கும் என்ன பேதம்? காவல் பணத்தை வாங்குகிறவன், நீ எவனைக் கண்டு பயப்படுகிறாயோ அவனே. மகமையை வாங்குகிறவன் நீயே. காவல் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் உதை விழும். மகமைக்குக் கணக்குக் காட்டாவிட்டால் உதை விழும்! இந்த ஒரு பரீட்சையை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். உங்களிடம் யார் பணம் கேட்டு வந்தாலும், மதத்தின் பேரால் வந்தாலும், ஜாதியின் பேரால் வந்தாலும், "கணக்குக் காட்டுவாயா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அது காவல் பணம் என்று தெரிந்து கொள்ளுங்கள்.

இந்த மகமையிலும் ஒரு குறை உண்டு. அது ஒரு ஜாதிக்குள் நின்றுவிட்டது. கலகம் என்று வந்தால் ஒரு ஜாதியின் மதில் மற்ற ஜாதியின் கடையைக் காப்பாற்றாது. ஒரு மதத்தின் மதிலும் அப்படியே. இதற்கு நீங்கள் தூரத்து ஊருக்குப் போக வேண்டியதில்லை. இந்தத் தென்காசியே சாட்சி. கோயிலுக்குப் பக்கத்திலே பள்ளிவாசல் கட்டுவது பற்றிய தகராறு இங்கே புகைந்தது. 2006 டிசம்பரில் ஹிந்து அமைப்பு ஒன்றின் நகரத் தலைவர் கொலை செய்யப்பட்டார். பிறகு பழிக்குப் பழி என்று வளர்ந்து, 2007 ஆகஸ்டு 14-ந் தேதி ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்ந்து 6 உயிர் போயிற்று. ஆகஸ்டு மாதம் என்பதைக் கவனியுங்கள். அருவியில் தண்ணீர் விழுகிற மாதம்! அருவிக்குப் போகிறவன் இந்தத் தென்காசி ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும்தானே இறங்க வேண்டும்? மனைவி மக்களோடு புறப்படுகிறவன் பத்திரிகையில் தென்காசிச் சேதியைப் படித்தால் என்ன செய்வான்? அருவிக்கு மதம் இல்லை என்று யோசித்துக் கொண்டிருப்பானா? மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, வேறு ஊருக்குப் போவான். அல்லது வீட்டிலேயே இருப்பான்.

அதோடு நிற்கவில்லை. 2008 ஜனவரி 24-ந் தேதி இங்குள்ள ஆர்.எஸ்.எஸ். ஆபீசிலும் பஸ் ஸ்டாண்டிலும் குழாய் வெடிகுண்டு வெடித்தது. வைத்தவர் இன்னார்தான் என்று பலர் வாய் கூசாமல் பேசினார்கள். சில தினங்களில் போலீசார் கைது செய்ததோ, ஹிந்து அமைப்புகளைச் சேர்ந்தவர்களையே! குற்றவாளி யார் என்று முடிவு சொல்வது கோர்ட்டின் வேலை. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் கேட்பது வேறு. விசாரணைக்கு முன்பே பக்கத்துக் கடைக்காரனைச் சந்தேகித்து, அவனிடம் சரக்கு வாங்குவதை நிறுத்தி, அவனுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? வியாபாரத்தின் உயிர் நம்பிக்கையல்லவா? ஹிந்து மண்டிக்காரன் முஸ்லிம் வியாபாரிக்குக் கடனாகச் சரக்குக் கொடுப்பதும், முஸ்லிம் ஜவுளிக்கடையில் ஹிந்து வீட்டுக் கலியாணத்துக்குத் துணி எடுப்பதும் எந்தச் சாஸ்திரத்தைப் பார்த்து நடக்கிறது? நாணயத்தைப் பார்த்து நடக்கிறது. குண்டு உடைப்பது சுவரை. அந்தச் சுவரை ஒரு வாரத்தில் பூசிவிடலாம். உடைந்த நாணயத்தைப் பூச எத்தனை வருஷமாகும்?

கோயமுத்தூரைப் பாருங்கள். 1997 நவம்பரில் கலகம். 1998 பிப்ரவரி 14-ந் தேதி தொடர் குண்டு வெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். ஆலைக்கும் இயந்திரத்துக்கும் பேர்போன அந்த ஊர், வெகு காலம் வெளியூரான் வாயில் குண்டு வெடித்த ஊராகவே இருந்தது. ஊரின் பேரும் ஒரு முதல்தான். அதைத் திருடினால் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சங்கதியல்ல. இத்தாலி தேசத்தின் தெற்கே புலியா, பசிலிகாட்டா என்று இரண்டு பிரதேசங்கள் உண்டு. அங்கே 1970-களுக்குப் பிறகு மாஃபியா என்னும் கொள்ளைக் கூட்டத்தார் வேரூன்றினார்கள். பாவ்லோ பினோட்டி என்ற பொருளாதார நிபுணர், அக்கூட்டம் புகாமல் இருந்திருந்தால் அப்பிரதேசங்கள் எப்படி வளர்ந்திருக்கும் என்பதை, அவற்றை ஒத்த மற்றப் பிரதேசங்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். தலைக்கு உற்பத்தி 16 சதவிகிதம் குறைந்து போயிற்று என்று கண்டார். ஸ்பெயின் தேசத்தில் பாஸ்க் நாட்டில் நடந்த பயங்கரவாதத்தைப் பற்றி 2003-ல் வெளியான ஆராய்ச்சியில் இந்த நஷ்டம் சுமார் 10 சதவிகிதம் என்று கண்டார்கள். 100 ரூபாய் சம்பாதிக்க வேண்டிய ஊர் 84 ரூபாயோடு நிற்கிறது என்றால், அந்த 16 ரூபாய் திருடன் பெட்டியிலும் இல்லை. உண்டாகாமலே போய்விட்டது! கொள்ளைக்காரன் எடுத்துக் கொள்வது கொஞ்சம். அவனுக்குப் பயந்து முளைக்காமற் போவதே அதிகம்.

தோழர்களே! கொலையும் குண்டும் குற்றம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். குற்றம் என்று ஊர் ஒப்புக்கொள்ளாமல் மரியாதையோடு உட்கார வைத்திருக்கிற குற்றங்களும் உண்டு.

முதலாவது கந்துவட்டி. சீசனுக்கு முன் கடை போடுகிற ஒருவன் 50,000 ரூபாய் கடன் வாங்குகிறான் என்று வையுங்கள். 100-க்கு மாதம் 10 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 120 சதவிகிதம்! மூன்று மாதத்தில் வட்டி மட்டும் 15,000 ரூபாய். தான் ஒரு வாய் சோறு உண்பதற்கு முன் இந்த 15,000-த்தையும் துண்டின் விலையிலும் பழத்தின் விலையிலும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் வெளியூரான், "குற்றாலத்தில் கொள்ளை விலை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். கொள்ளை உண்மைதான், கொள்ளையடித்தவன் கடையில் இல்லை, வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு சாயங்காலம் வசூலுக்கு வருகிறான். தினவட்டி, மீட்டர்வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தடுத்து, 3 வருஷம் வரை சிறை என்று 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வந்து 14 வருஷத்துக்குப் பின், 2017 அக்டோபர் 23-ந் தேதி, இந்தப் பக்கத்துக் காசிதர்மம் கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் தீக்கிரையானார்கள். கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பல தடவை மனுக் கொடுத்துப் பார்த்த பிறகு நடந்த கதி அது. அந்தக் குழந்தைகள் என்ன பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்கிறேன். சட்டம் காகிதத்தில் இருந்து, அதை நடத்துகிறவன் தூங்கினால், அந்தத் தூக்கமும் குற்றத்துக்கு உடந்தையே.

இரண்டாவது தீண்டாமை. 2022 செப்டம்பரில் இந்த ஜில்லாவில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் ஓர் அதிசயம் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் காசோடு கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்ததே காரணம். உலகத்தில் எந்த நாட்டிலாவது கடைக்காரன் காசை வேண்டாம் என்பானா? நம் ஜாதி ஒன்றுதான் வியாபாரியையும் லாபத்தை வெறுக்கும் சந்நியாசி ஆக்க வல்லது! பிறகு கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைது நடந்தது, சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவும் வந்தது. நல்லது. ஆனால் கட்டுப்பாட்டை ஊர் கூடிப் பேசியபோது, "இது குற்றம்" என்று சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லையே, அதற்கு எந்தக் கோர்ட்டு சீல் வைக்கும்?

மூன்றாவது, பொதுச் சொத்தைக் கொள்ளையிடுவது. மலையிலிருந்து இயற்கையாக வருகிற தண்ணீரைத் திருப்பிவிட்டு, தங்கள் தோட்டத்துக்குள் செயற்கை அருவி உண்டாக்கிக் காசு பார்க்கிற தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-ல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை உத்தரவிட்டது. ஒருவன் பாக்கெட்டைக் கத்தரிக்கிறவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறோம். ஊருக்கே சோறு போடுகிற ஓடையைக் கத்தரித்தவனுக்கு விழாவில் மாலை போடுகிறோம். இது என்ன நியாயம்?

"வறுமை ஒழிந்தால் குற்றம் தானே ஒழியும், முதலில் வறுமையை ஒழியுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பசித்தவன் திருடுவான் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் நான் இதுவரையில் சொன்ன குற்றங்களில் எதைப் பசித்தவன் செய்தான்? கந்துவட்டிக்காரன் பசித்தா வட்டி வாங்கினான்? ஓடையைத் திருப்பினவன் குடிக்கத் தண்ணீர் இல்லாமலா திருப்பினான்? இன்னும் சிலர் "எல்லாம் தலைவிதி" என்பார்கள். விதி என்பது உண்மையானால் வீட்டுக்குக் கதவு எதற்கு என்று கேளுங்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, வியாபாரிகள் சங்கம் ஜாதி மதம் பாராமல் ஊர் முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாதி மகமை போய் ஊர் மகமை வர வேண்டும். அதன் வரவு செலவைச் சுவரில் ஒட்ட வேண்டும். எவனோ கடை அடைக்கச் சொன்னான் என்பதற்காக அடைக்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்து திறந்தால் எத்தனை கடையை ஒருவன் உடைப்பான்? இரண்டாவது, சீசனுக்கு இரண்டு மாதம் முன்னதாகக் கூட்டுறவு பாங்கியில் சிறு கடைக்காரனுக்கு நியாய வட்டிக்குக் கடன் கிடைக்கும்படி கிளர்ச்சி செய்ய வேண்டும். கந்துவட்டிக்காரனைப் போலீசு ஒரு தடவை பிடிக்கும். பாங்கிக் கடன் அவனைத் தினமும் பிடிக்கும். மூன்றாவது, ஆட்டோவுக்கும் அறைக்கும் விலைப் பலகை வைக்க வேண்டும்; வந்தவனை ஒரு நாள் ஏமாற்றினால் அவன் ஊரார் பத்து வருஷம் வரமாட்டார்கள். நான்காவது, ரோட்டில் விளக்கும் இரவில் பஸ்ஸும் வேண்டும். இந்தப் பக்கத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்கள் எத்தனை ஆயிரம்! இருட்டுக்கும் துஷ்டனுக்கும் பயந்து வெளி வேலைக்குப் போக முடியாதவள், வீட்டு வாசலில் கொடுக்கிற கூலியைத்தான் வாங்கியாக வேண்டும். பயமே அவள் கூலியைக் குறைக்கிறது. ஐந்தாவதும் முக்கியமானதும், கண்ணால் கண்டதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும். "அவன் நம்ம ஆள்" என்று சாட்சி மாறுகிறவன், நம்ம ஆளைக் காப்பாற்றவில்லை. நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிற திருடனைக் காப்பாற்றுகிறான்.

2019 நவம்பர் 22-ந் தேதி முதல் தென்காசி தனி ஜில்லாவாகிவிட்டது. கலெக்டரும் வந்தார், போலீசு சூப்பிரண்டும் வந்தார். சந்தோஷம். ஆனால் ஆபீசு வந்ததால் மட்டும் செழிப்பு வந்துவிடாது. கொடுத்த கடன் திரும்பும், போட்ட சரக்கு எரியாது, போன பெண் பத்திரமாகத் திரும்புவாள் என்ற நம்பிக்கை எந்த ஊரில் உண்டோ அந்த ஊருக்கே முதல் வரும், வேலை வரும், வெளியூரான் வருவான். அந்த நம்பிக்கையை மலையிலிருந்து எந்தக் காற்றும் கொண்டுவந்து கொட்டாது. பக்கத்து வீட்டுக்காரனும் நீங்களும் சேர்ந்து உண்டாக்க வேண்டிய பண்டம் அது.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வீட்டுக்குப் போய், இந்த வருஷத்தில் பயத்துக்காக நீங்கள் செலவழித்தது எவ்வளவு, பயத்தால் செய்யாமல் விட்ட காரியம் எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத் தொகையைக் கண்ட பிறகு உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.